பூச்சியின் காயத்துக்கு இரத்த அணுக்கள் ஊர்ந்து வருகின்றனவா, ஓட்டத்தில் வந்து ஒட்டுகின்றனவா?

செவ்வண்டு:
"பூச்சிக்கு அடிபட்டால் இரத்த அணுக்கள் ஓட்டத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்" என்று குளவி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. முட்டைக்குள் வளரும் பழ ஈயின் கருவில் லேசரால் ஒரு புள்ளியைச் சுட்டால், சுற்றியுள்ள தோல் செல்களில் நொடிகளில் கால்சியம் அலையாய்ப் பரவும். அது டுவோக்ஸ் நொதியை முடுக்கும். டுவோக்ஸ் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அணுக்கள் அங்கே ஊர்ந்து வரும். டுவோக்ஸைக் குறைத்தால் வருகிற அணுக்களும் குறைகின்றன. அவ்வளவுதானாம்!

குளவி:
நான் சொன்னது லார்வாவை, முட்டையிலிருந்து வெளிவந்த புழுவை. அதில் அணுக்கள் உடற்குழியில் மிதந்து சுற்றுகின்றன, காயத்தைக் கடக்கும்போது பிடிபடுகின்றன. உயிருள்ள லார்வாவிலேயே படம் பிடித்திருக்கிறார்கள். ஊர்ந்து வரவில்லை தம்பி, ஒட்டுகின்றன.

செவ்வண்டு:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். நேற்றைய பதிவில் லார்வா என்ற சொல்லே இல்லை, "பூச்சி" என்றுதான் இருந்தது. அணுவுக்குள்ளே நடப்பதையும் கேளுங்கள். பெராக்சைடு சார்க்42ஏ என்ற கைனேஸை, அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதியைத் தூண்டுகிறது. அது அணுவின் மேற்பரப்பில் உள்ள டிரேப்பர் ஏற்பியின் உள்வாலில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, அங்கே ஷார்க் என்ற இன்னொரு கைனேஸ் வந்து சேர்கிறது. டிரேப்பர் இல்லாத கருவில் அணுக்கள் காயத்தை நோக்கிச் சரியாகப் போவதில்லை. ஊர்ந்துதான் வருகின்றன.

நுண்ணோக்கி:
இரண்டு பேருமே "இரத்தம்" என்கிறீர்கள். பூச்சிக்கு இருப்பது ஹீமோலிம்ஃப், உடற்குழியை நிறைக்கும் திரவம். முதலில் அதைத் திருத்துங்கள்.

குளவி:
போன மாதம் படிக அணுக்கள் என்ற இன்னொரு வகை அணுக்களைப் பற்றி நான் எழுதியதையும் செவ்வண்டு இப்படித்தான் திரித்தார், மறக்கவில்லை. அவை வெடித்து, கருநிறமியான மெலனின் உண்டாகத் தேவையான புரோபீனால் ஆக்சிடேஸைக் கொட்டுவதால்தான் காயம் கருக்கிறது. அவையும் ஊர்ந்தா வருகின்றன?

செவ்வண்டு:
அது மெலனின் பேச்சு, இங்கே எதற்கு? திரித்தேன் என்றால் வரியை எடுத்துக் காட்டுங்கள். நான் பேசுவது பிளாஸ்மடோசைட்டை, இறந்த செல்களை விழுங்கும் அணுவை. பழ ஈயின் இரத்த அணுக்களில் ஏறக்குறைய 95 விழுக்காடு அதுதான். கருவில் இறந்த செல்லை ஒருமுறை விழுங்கிய பிளாஸ்மடோசைட்டில் கால்சியம் எழுகிறது, ஜேஎன்கே என்ற சமிக்ஞைப் பாதை முடுக்கப்படுகிறது, டிரேப்பர் கூடுகிறது. அதற்குப் பிறகுதான் அது காயத்துக்குப் பதில் சொல்கிறது. வெறுமனே ஒட்டுகிற ஒன்றுக்கு இந்த முன்னனுபவம் எதற்கு?

நுண்ணோக்கி:
மறுபடியும் இரத்தம்.

குளவி:
கரு, கரு, கரு. லார்வாவில் ஊர்ந்து வருவதைக் காட்டுங்கள், பேசலாம்.

செவ்வண்டு:
"பூச்சி" என்று எழுதியது நீங்கள். முதலில் அந்த வரியைத் திருத்துங்கள்.

குளவி:
திருத்த மாட்டேன். ஒட்டுகின்றன.