ராஸ்லின் கல்லறைகளில் மூன்று வளையங்கள்: என்ன அர்த்தம்?

சியாட்டில்வாசி:
போன சனிக்கிழமை வாஷிங்டன் மாநிலத்தில் ராஸ்லின் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் போயிருந்தோம். சின்ன ஊர். ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட இடுகாடுகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. நிறைய கற்களில் சங்கிலி போல மூன்று வளையங்கள், உள்ளே எஃப், எல், டி என்ற எழுத்துகள். குடும்ப முத்திரை என்று பார்த்தால் பெயர்கள் எல்லாம் வேறு வேறு. யாருக்காவது தெரியுமா?

தங்கவயல் மகள்:
அது ஆட் ஃபெல்லோஸ் என்ற, உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் சங்கத்தின் சின்னம். நட்பு, அன்பு, உண்மை என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அவை. இங்கிலாந்தில் பிறந்த சங்கம்; 1819இல் பால்டிமோரில் தாமஸ் வைல்டி அமெரிக்கக் கிளையைத் தொடங்கினார்.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கியவர். அதனால் இந்தக் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது. அந்தக் காலத்தில் சங்க உறுப்பினர் ஒழுங்காகச் சந்தா கட்டுவார். படுத்துவிட்டால் வாரா வாரம் ஒரு தொகை வரும், சக உறுப்பினர்கள் முறை வைத்து இரவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இறந்தால் அடக்கச் செலவு சங்கத்துடையது. வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர் தன் அட்டையைக் காட்டினால், முன்பின் தெரியாத ஊர்க் கிளையும் கவனிக்கும். சொந்தபந்தம் இல்லாத ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய தைரியம், யோசித்துப் பாருங்கள்!

ராஸ்லினில் 1892 மே 10 அன்று நடந்த வெடிப்பில் 45 பேர் இறந்தார்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்த மாநிலத்துக்கு வந்ததே 1911இல்தான். அதுவரை கம்பெனிமேல் வழக்குப் போட்டு, தவறு அவர்களுடையது என்று நிரூபிக்க வேண்டும். அரிசி வாங்கவே காசில்லாத விதவை எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்?

சியாட்டில்வாசி:
நன்றி, மனதைத் தொட்டுவிட்டது. சரி, ஏன் இத்தனை இடுகாடு?

பழைய பாதை:
குரோஷியர், இத்தாலியர் என்று அவரவர் மொழியில் தனித்தனிச் சங்கம், அதற்குத் தனி நிலம். இதில் ஒரு கசப்பும் உண்டு. 1888 வேலைநிறுத்தத்தின்போது கம்பெனி கறுப்பினத் தொழிலாளர்களை அங்கே கொண்டுவந்து இறக்கியது. தங்கவயல் மகள் சொன்ன அமெரிக்கச் சங்கம் வெள்ளையரை மட்டுமே சேர்த்தது. அதனால்தான் பீட்டர் ஆக்டன் என்ற கறுப்பினக் கப்பல் பணியாளர் 1843லேயே இங்கிலாந்தில் நேரடியாக அனுமதி வாங்கி, கறுப்பினத்தாருக்கான ஆட் ஃபெல்லோஸ் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்.

சியாட்டில்வாசி:
சில கற்களில் எஃப், சி, பி என்றும் இருந்ததே?

தங்கவயல் மகள்:
அது நைட்ஸ் ஆஃப் பிதியாஸ் என்ற இதே மாதிரியான இன்னொரு சங்கம், 1864இல் தொடங்கியது. நட்பு, ஈகை, நல்லெண்ணம் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. படம் எடுத்திருந்தால் போடுங்கள், ப்ளீஸ்.