ஒலிப்பதிவுச் செயலி: 1.1 பதிப்பில் எதை முதலில் வெளியிடுவது?

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலிருந்தபடி நான் எழுதிய ஆண்ட்ராய்டு ஒலிப்பதிவுச் செயலியின் 1.0 பதிப்பு சென்ற மாதம் வெளியானது. சில கைபேசிகள் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுத்த எண்கள்) தர, செயலியோ கோப்பில் 48,000 என்று குறித்துவிடுவதால், பாட்டு ஏறத்தாழ 9 விழுக்காடு வேகமாக ஓடுகிறது. ஏற்காட்டில் நண்பர் ஒரு கட்டையில் பாடியது, திரும்பக் கேட்டபோது ஒன்றரைக் கட்டையையும் தாண்டி நின்றது. பாவம், தம் குரலையே சந்தேகித்தார்.

பாட்டுடன் ஒலிக்கும் தம்பூராப் பின்னணி 48,000இல் இருப்பதால், பதிவையும் அதே மாதிரி வீதத்துக்கு மாற்றும் நிரலைச் சேர்த்தேன். சுருதி சேர்ந்தது, ஆனால் பழைய கைபேசிகளில் பொரிவது போன்ற இரைச்சல் எழுந்தது. பஃபரை (ஒலி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் தற்காலிக நினைவிடம்) 256 மாதிரிகளிலிருந்து 1,024 ஆக உயர்த்தியதும் இரைச்சல் நின்றது; எனினும் அதனாலேயே 21 மில்லிநொடித் தாமதம்.

பயனர்கள் கேட்பதோ மல்ட்டிடிராக் பதிவு, அதாவது பல ஒலித்தடங்களைத் தனித்தனியே பதிந்து சேர்த்துக் கேட்கும் வசதி. அதற்கு ஒலிப்பகுதி முழுவதையும் திருத்தி எழுத வேண்டும். தாமதத்தைப் பொறுத்துக்கொண்டு சுருதிப் பிழையை மட்டும் உடனே திருத்தி வெளியிடுவதா, மூன்று மாதம் எடுத்து அந்தத் திருத்தம், மல்ட்டிடிராக் இரண்டையும் சேர்த்தே வெளியிடுவதா?