உதவி: எங்கள் ஊர் பழைய போஸ்ட்கார்டு, அசலா டூப்ளிகேட்டா? (அவசரம்)

கரையோரம்:
வணக்கம். அவசரம், அதனால் சுருக்கமாகக் கேட்கிறேன். எங்கள் ஊரின் பழைய போஸ்ட்கார்டுகளைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஆன்லைனில் எவ்வளவு தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டும் மேக்னட்டும் காலண்டரும்தான் வருகின்றன. கடைசியில் ஒருவரிடம் ஒரு கார்டு வாங்கினேன். 1898 என்று சொல்லி விற்றார். பெரிய கோபுரம், கீழே மாட்டுவண்டி. கைக்கு வந்ததிலிருந்து சந்தேகம். திருப்பி அனுப்ப நாளைதான் கடைசி நாள். இது அசலா? வேறு கார்டுகள் எங்கே கிடைக்கும்?

உறையூரான்:
எந்த ஊர் என்று சொல்லவே இல்லையே!

சேது_நாமக்கல்:
தலைமைத் தபால் ஆபீசுக்குப் போங்கள். 50 பைசாவுக்குக் கிடைக்கும். இதற்கு எதற்கு ஆன்லைன்?

பழங்காகிதம்:
சேது, நீங்கள் சொல்வது அஞ்சலட்டை. அது 1879 ஜூலை 1 அன்று கால் அணா விலையில் இந்தியாவில் வந்தது. இவர் கேட்பது ஒரு பக்கம் படம் அச்சிட்ட பிக்சர் போஸ்ட்கார்டு. இரண்டும் வேறு.

கேட்டவருக்கு: ஊர், கார்டின் அளவு, பின்பக்கம் எப்படி இருக்கிறது, தபால்தலை உண்டா, படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது, என்ன விலை கொடுத்தீர்கள்? இதில் ஒன்றுகூடச் சொல்லாமல் அசலா என்று கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். சேகரிக்க இறங்குவதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வரலாம் தம்பி.

கரையோரம்:
ஊர் திருச்சி. கோபுரம் ஸ்ரீரங்கம் என்று விற்றவர் சொன்னார். படம் கறுப்பு வெள்ளை. மற்றதை வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அம்மா_மண்டபம்:
ஸ்ரீரங்கமா? அப்படியென்றால் டூப்ளிகேட், சந்தேகமே வேண்டாம். ராஜகோபுரம் 1987-இல்தான் முடிந்தது. 13 நிலை, 236 அடி. அதுவரை அடிப்பகுதி மட்டும் நின்றது, ஊரில் எல்லோரும் மொட்டைக் கோபுரம் என்றுதான் சொல்வார்கள். 1898 கார்டில் பெரிய கோபுரம் எப்படி வரும்? உடனே திருப்பி அனுப்புங்கள்.

உறையூரான்:
பொறுங்கள். ஸ்ரீரங்கத்தில் கோபுரம் ஒன்றா இருக்கிறது? மொத்தம் 21. கிழக்கே வெள்ளைக் கோபுரம் அப்போதே முழுதாக நின்றது, அதுவும் பெரியதுதான். பழைய படங்களில் அதை நிறையப் பார்த்திருக்கிறேன். ராஜகோபுரத்தை மட்டும் வைத்து ஒரு கார்டைத் தூக்கி எறியாதீர்கள்.

அம்மா_மண்டபம்:
மாட்டுவண்டி போகிறது என்கிறாரே. வெள்ளைக் கோபுரத்துக்கு முன்னால் அவ்வளவு பெரிய சாலை ஏது?

உறையூரான்:
அண்ணே, சித்திரை வீதிகளில் வண்டி போகாமல் தேரா மட்டும் போனது? படத்தைப் பார்க்காமலே நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தெப்பக்குளம்_மேல்கரை:
எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எனக்கு உதவியது இதுதான். திருச்சி என்று தேடினால் வராது. அந்தக் கார்டுகளில் ஊர்ப் பெயர் டிரிச்சினாப்பொலி (Trichinopoly), ஸ்ரீரங்கம் பெயர் செரிங்கம் (Seringham). அந்த ஆங்கில எழுத்துக்கூட்டிலேயே தேட வேண்டும். விற்பவர் கார்டில் உள்ளதை அப்படியே பார்த்துத்தான் பட்டியலில் போடுவார். அவருக்குத் திருச்சி என்ற பெயரே தெரிந்திருக்காது.

இன்னொன்று. இந்தக் கார்டுகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்கார அதிகாரிகள், பட்டாளத்துக்காரர்கள், பாதிரியார்கள். எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் சரக்கு அந்த நாடுகளில் இருக்கிறது, இங்கே இல்லை. ஈபே, டெல்காம்ப் என்ற இரண்டு விற்பனைத் தளங்களிலும் பாருங்கள். முக்கியமாக பிரெஞ்சில் தேடுங்கள். மதுரை மிஷன் நடத்திய இயேசு சபையினர் (கத்தோலிக்கத் துறவிகள்) பிரான்ஸிலிருந்து வந்தவர்கள். செயின்ட் ஜோசப் கல்லூரியை 1883-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. மிஷன் பெயரைப் போட்டு அவர்கள் வெளியிட்ட கார்டுகளில் திருச்சியும் உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் எடுக்காத மூலைகள் அவற்றில் கிடைக்கும். எனக்கு அவைதான் உயிர்.

மூர்மார்க்கெட்_ரசிகன்:
எல்லாரும் ஆன்லைன் ஆன்லைன் என்கிறீர்கள். சென்னை மூர் மார்க்கெட் பக்கம் போனால் கட்டுக்கட்டாக அள்ளலாம்.

தெப்பக்குளம்_மேல்கரை:
பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது சார். இப்போதுள்ள கடைகளில் புத்தகம் கிடைக்கும். போஸ்ட்கார்டை நம்பி திருச்சியிலிருந்து ரயில் ஏறச் சொல்ல மாட்டேன்.

பழங்காகிதம்:
கோபுரத்தைப் பார்த்துக் காலம் சொல்வது பாதி வழிதான். படம் எடுத்த ஆண்டு வேறு, கார்டு அச்சான ஆண்டு வேறு. ஒரே நெகட்டிவை வைத்து வருஷக்கணக்கில் அச்சடித்தார்கள். கார்டைத் திருப்புங்கள். பின்பக்கம் நடுவில் கோடு இருக்கிறதா? ஆரம்பகாலக் கார்டுகளில் பின்பக்கம் முழுக்க முகவரிக்குத்தான், சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதுவார்கள். சேதிக்கு ஒரு பாதி, முகவரிக்கு ஒரு பாதி என்று கோடு போட்டுப் பிரிப்பதை பிரிட்டன் 1902-இல் அனுமதித்தது, பிரான்ஸ் 1904, ஜெர்மனி 1905. கோடு இருந்தால் 1898 என்பது பொய்.

தபால்தலை பச்சை நிற அரை அணா, எட்வர்டு மன்னர் தலை என்றால் இன்னும் வசதி. 'போஸ்டேஜ்' என்பதோடு 'ரெவின்யூ' என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் 1906 அல்லது அதற்குப் பிறகு.

அப்புறம் லென்ஸ். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுவாரே, அது போதும். வானத்தில், கோபுர நிழலில் வைத்துப் பாருங்கள். கலர் கலராகச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் இன்றைய பிரிண்டரில் எடுத்தது. கறுப்பு வெள்ளை கார்டில் நீலமும் சிவப்பும் இருக்கக் காரணமே இல்லை. புள்ளியே இல்லாமல் புழு நெளிந்தது போல ஒழுங்கற்ற கோடுகள் தெரிந்தால் கொலோடைப் அச்சு. அந்தக் காலத்துக் கார்டுகள் நிறைய ஜெர்மனியில் அப்படித்தான் அச்சாகி வந்தன. ஒழுங்கான வரிசையில் சிறிதும் பெரிதுமாகக் கறுப்புப் புள்ளிகள் மட்டும் என்றால் ஹாஃப்டோன் அச்சு, அதுவும் பழையதாக இருக்கலாம். அளவு சுமார் 14க்கு 9 செ.மீ. இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு புது ஆளுக்கும் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், யாராவது சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேது_நாமக்கல்:
இவ்வளவு விஷயம் இருக்கிறதா! ஆனால் ஒன்று சொல்வேன். அந்த மொட்டைக் கோபுரத்தை அப்படியே விட்டிருக்கலாம். பழைய படங்களில் அதற்கு ஒரு கம்பீரம் இருக்கிறது.

அம்மா_மண்டபம்:
கம்பீரம் படத்தில் பார்க்கிறவர்களுக்கு. 1987 கும்பாபிஷேகத்தன்று கூட்டத்தில் என் அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். தலைமுறை தலைமுறையாக முடியாமல் கிடந்ததை ஜீயர் முன்நின்று முடித்துக் கொடுத்தார். அதை வேண்டாம் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

சேது_நாமக்கல்:
வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. பழையதைப் பழையதாகப் பார்க்க ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

உறையூரான்:
அதற்குத்தானே இந்தக் கார்டுகள். அடிப்பகுதி மட்டும் நிற்கும் கார்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நிலைக்கால் அருகே ஒரு ஆள் குடை பிடித்து நிற்கிறார். அந்தக் கல் எவ்வளவு உயரம் என்று அவரை வைத்துத்தான் புரிகிறது. கோபுரம் முடிந்ததும் நல்லது, அந்தப் படம் மிஞ்சியதும் நல்லது.

பழங்காகிதம்:
கோயில் விவாதத்துக்குத் தனி இழை தொடங்கலாம். கேட்டவர் எங்கே?

கரையோரம்:
பார்த்துவிட்டேன். பின்பக்கம் நடுவில் கோடு இருக்கிறது. அரை அணா, எட்வர்டு தலை, ரெவின்யூ என்று இருக்கிறது. கலர் புள்ளி இல்லை, நெளிநெளியான கோடுகள்தான். கீழே செரிங்கம் என்று அச்சு. கோபுரம் வெள்ளைக் கோபுரம்தான் என்று அம்மா பார்த்ததும் சொல்லிவிட்டார். 1898 இல்லை, ஆனாலும் நானே வைத்துக்கொள்கிறேன். விலையைக் குறைக்கச் சொல்லி விற்றவருக்கு எழுதியாயிற்று. செரிங்கம் என்று தேடினால் கொட்டுகிறது! எல்லோருக்கும் நன்றி.

தெப்பக்குளம்_மேல்கரை:
சந்தோஷம். ஒட்டும் பக்கம் உள்ள ஆல்பத்தில் வைக்காதீர்கள், பி.வி.சி. உறையும் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துக் கார்டில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். இன்னொரு உதவி, தேடும்போது காவிரிப் பழைய பாலம், 1976-க்கு முன்னால் இருந்தது, கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

கும்பகோணம்_டிகிரி:
இதே மாதிரி கும்பகோணம் மகாமகக் குளம் கார்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அசலா என்று யாராவது சொல்ல முடியுமா?

பழங்காகிதம்:
பின்பக்கம் எப்படி இருக்கிறது?