குறுந்தகடுகளை நூல்களோடு ஒரே தட்டில் அடுக்கியவர்கள் உண்டா?

நூலக நண்பர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியின் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் உள்ள குறுந்தகடுகளும் ஒலிநாடாக்களும் பல ஆண்டுகளாகப் பூட்டிய பீரோவுக்குள் கிடக்கின்றன.

போன வாரம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பறவைகளைப் பற்றிய புத்தகம் கேட்டு வந்தாள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி பகுப்பில், பறவைகளுக்கான 598 எண்ணுள்ள தட்டைக் காட்டினேன். ஒரு படத்தில் விரலை வைத்து, "சார், இது எப்படிக் கத்தும்?" என்றாள். அந்தக் குரல் பதிவான தகடு, அவளுக்குப் பின்னால் இருந்த பீரோவில்தான் இருந்தது! மனம் ஆறவில்லை. வாசகரின் நேரத்தைச் சேமியுங்கள் என்று 1931இல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் விதி வகுத்தது நமக்காகத்தானே.

ஆகவே, தகடுகளுக்கும் அதே பகுப்பெண் கொடுத்துப் புத்தகங்களுக்கு நடுவிலேயே வைக்க விரும்புகிறேன். மலையாளத் தகடுகளும் அப்படித்தான். இங்கே பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

தயக்கம் இதுதான்: மெல்லிய உறைகள் புத்தகங்களுக்குப் பின்னால் சரிந்து மறைந்துவிடுகின்றன. வெற்றுப் பெட்டியைத் தட்டில் வைத்து, தகட்டை மேசையில் வைத்துக் கொடுப்பது நல்லதா? அல்லது தகட்டோடு சேர்த்தே வைக்கலாமா? தகட்டின் மேல் காகிதம் ஒட்டினால் சுழலும்போது சமநிலை கெடும் என்பதால், எண்ணை உறையில்தான் எழுதியிருக்கிறேன். புதிய கணினிகளில் தகடு போடும் வசதியும் இல்லை. கேட்பதற்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்?

செய்து பார்த்தவர்கள் உங்கள் அலமாரியின் படத்தோடு எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.