கரையில் புல் வெட்டுவதற்கு ஒரு வாரியமா?

மதகடி:
நேற்று வேறொரு இழையில் செங்கல் எழுதியதை அப்படியே தருகிறேன்: "வடிகால் வாரியம் என்றால் பம்ப் ஓட்டும் வேலை. மழை வந்தால் மோட்டாரைப் போடு, தண்ணீரை ஆற்றில் தள்ளு, தீர்ந்தது. மற்ற நாளெல்லாம் கரையில் புல் வெட்டியே நம் வரியைத் தின்கிறார்கள்." இதற்குப் பதினேழு லைக். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால் தனி இழையாகவே போடுகிறேன்.

வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் போட்ட மண்கரைக்குப் பின்னால் தாழ்வில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வரும். ஆறு பெருகி வெளியிலிருந்து வரும். உள்ளே பெய்த மழை போக்கிடம் இல்லாமல் தேங்கும். சாதாரண நாளில் உள்தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடி, கரைக்கு அடியில் இருக்கும் மதகு வழியாகத் தானாகவே ஆற்றில் இறங்கிவிடும். ஆற்று மட்டம் உயர்ந்தால் மதகின் ஒருவழிக் கதவு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் பம்புக்கு வேலை. கரை போய்விட்டால் பம்ப் என்ன செய்யும்? ஆற்றை அள்ளி ஆற்றிலேயே ஊற்றும்.

கரை நிற்க வேண்டுமானால் அதை யாராவது நடந்து பார்க்க வேண்டும். புல் இடுப்பளவு நின்றால் எதைப் பார்ப்பது? அதற்குத்தான் வெட்டுகிறார்கள்.

செங்கல்:
சொன்னது நான்தான், மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. நியூ ஆர்லியன்ஸ், 2017 ஆகஸ்ட் 5. புயல் இல்லை, கரை உடையவில்லை, வெறும் மழை. பம்புகளில் பல ஓடவில்லை, அவற்றுக்கு மின்சாரம் தரும் டர்பைன்களும் பழுது. முதலில் எல்லாம் ஓடுகிறது என்றார்கள், அப்புறம் இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். தெருவெல்லாம் தண்ணீர். அன்றைக்குக் கரையில் புல் எவ்வளவு உயரம் இருந்தது என்று மதகடி சார் சொல்லட்டும்.

மதகடி:
அதே ஊரில் 2005 கத்ரீனா புயலை மட்டும் ஏன் தாண்டிப் போகிறீர்கள்? 17வது தெருக் கால்வாயிலும் லண்டன் அவென்யூ கால்வாயிலும் தண்ணீர் உச்சியைத் தொடுவதற்கு முன்பே தடுப்புச் சுவர்கள் சரிந்தன. ஊரில் 80 சதவீதம் மூழ்கியது. பம்ப் அங்கே நூறு வருஷமாக இருக்கிறது. காப்பாற்றியதா?

செங்கல்:
அவை கான்கிரீட் சுவர்கள். கான்கிரீட்டில் புல் முளைக்காது. நான் கேட்டது புல்லைப் பற்றி.

கணக்கன்:
இருவரும் எந்த அளவு வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். "நூறாண்டு வெள்ளம்" என்றால் நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். 30 வருஷம் ஒரு வீட்டில் இருந்தால், ஒரு தடவையாவது வருவதற்கான வாய்ப்பு சுமார் 26 சதவீதம். கரையின் உயரம், பம்பின் திறன் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மதகடி:
கணக்கன், இழையைத் திருப்பாதீர்கள். எலி வளை விழுந்த கரைக்குப் பத்தாண்டு வெள்ளமே போதும்.

புல்லுக்கு உதாரணம் கேட்டார் அல்லவா? இதோ. 2008 ஜூனில் மிசூரியில் வின்ஃபீல்டு அருகே பின் ஓக் கரை உடைந்தது. நீரெலி (மஸ்க்ராட்) தோண்டிய வளைதான் காரணம். அதே ஆண்டு ஜனவரி 5, நெவாடாவில் ஃபெர்ன்லி. எலிவகைப் பிராணிகளின் வளை வழியாகத் தண்ணீர் புகுந்து கரையை அரித்தது. 590 வீடுகளில் வெள்ளம். நெதர்லாந்தில் நீர் வாரியங்கள் நீரெலி பிடிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கின்றன. உள்ளங்கை அகல ஓட்டை, நீளப் புல்லுக்குள் தெரியவே தெரியாது.

செங்கல்:
ஃபெர்ன்லியில் உடைந்தது பாசன வாய்க்கால். ஆற்றுக் கரை இல்லை, வடிகால் வாரியமும் இல்லை. வாய்க்காலைக் கொண்டுவந்து கரை என்று விற்காதீர்கள்.

மதகடி:
வாய்க்காலுக்கும் கரை உண்டு. மண் மண்தான். எலிக்கு அது பாசனமா வெள்ளத் தடுப்பா என்று தெரியாது.

செங்கல்:
அது வாய்க்கால்.

தவளைச்சத்தம்:
மன்னிக்கவும், புல்லோடு நிறுத்துகிறீர்களே, மரத்தையும் வெட்டச் சொல்வார்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை கரையிலும் கரை அடியிலிருந்து 15 அடி வரையிலும் மரமே கூடாது என்று விதி வைத்தது. கலிஃபோர்னியா எதிர்த்தது. அங்கே ஆற்றோரக் காட்டில் பெரும்பகுதி ஏற்கனவே அழிந்துவிட்டது, மிச்சம் இருப்பதில் நிறைய கரைமேல் நிற்கும் மரங்கள்தான். வேர் மண்ணைப் பிடித்து நிறுத்தும் என்று சொல்லும் பொறியாளர்களும் உண்டு. கண்டதையெல்லாம் மொட்டையடிப்பது பாதுகாப்பு ஆகாது.

மதகடி:
வந்துவிட்டீர்களா. மழைநீர்த் தாங்கல் குளத்தை எப்போதும் நிறைத்து வைக்க வேண்டும் என்று போன வருஷம் வாதாடியது நீங்கள்தானே? நிரம்பி நிற்கும் குளம் அடுத்த மழையை எங்கே வைக்கும் என்று கேட்டதும் பதிவை அழித்துவிட்டுப் போனீர்கள். இப்போது மரம். காற்றில் மரம் வேரோடு சாய்ந்தால் கரையில் ஒரு குழி விழுமே, அதையும் வேர் பிடித்துக்கொள்ளுமா?

தவளைச்சத்தம்:
நான் அழிக்கவில்லை, நீக்கப்பட்டது. அதற்கும் காரணம் உங்கள் புகார்தான். குளத்தில் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும், அதற்கு மேலே காலி இடம் இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். முழுதாகப் படிக்கும் பழக்கம் உங்களுக்கு இல்லை.

செங்கல்:
புகார் கொடுப்பதும் பராமரிப்புப் பணியில் சேர்த்தி போல.

மதகடி:
நான் யார் மீதும் புகார் கொடுக்கவில்லை. விஷயத்துக்கு வருகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு ஏறியிருந்த ஒரு ராத்திரி, தன்னார்வலராகக் கரையில் நடந்திருக்கிறேன். நான்கு பேர், உச்சியில் ஒருவர், சரிவில் ஒருவர், அடியில் இருவர், கையில் டார்ச். மழை விட்டிருந்தது. கரையின் ஊர்ப்பக்க அடியில் ஓர் இடத்தில் காலடி மெத்தென்று அமுங்கியது. குனிந்து பார்த்தால், தட்டு அகலத்துக்கு மணல் சிறு மேடாகக் குவிந்திருக்கிறது, நடுவில் தண்ணீர் கொப்பளிக்கிறது. மணல் ஊற்று. கரைக்கு அடியில் புகுந்த ஆறு இந்தப் பக்கம் தலை நீட்டுகிறது.

தண்ணீர் தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கி வந்தால் கரையின் அடிமண்ணைச் சுமந்துகொண்டு வருகிறது என்று பொருள். எங்களுக்குக் கலங்கி வந்தது. சுற்றிலும் மணல் மூட்டையை வட்டமாக அடுக்கினோம். ஊற்றின் மேல் மூட்டையைப் போட்டு அடைக்கவே கூடாது, அடைத்தால் பக்கத்தில் வேறிடத்தில் கிளம்பும். வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, அதன் எடை ஊற்றின் வேகத்தைக் குறைக்கும். விடியற்காலை தண்ணீர் தெளிந்தது. அந்த ஊற்று எங்கள் கண்ணில் பட்டதற்கு ஒரே காரணம், இரண்டு வாரம் முன்பு அங்கே புல் வெட்டியிருந்தார்கள்.

இன்னொன்று. 1948 மே 30, ஓரிகனில் வான்போர்ட். கொலம்பியா ஆற்றை ஒட்டிய தாழ்நிலத்தில், வடிகால் வாரியப் பகுதிக்குள் கட்டிய ஊர். மேற்குப் பக்கத்தில் கரையாக நின்றது ரயில் பாதை மேடு. வெள்ளத்தைத் தாங்குவதற்காகக் கட்டியது கிடையாது. இப்போதைக்குப் பயமில்லை, தேவைப்பட்டால் சொல்கிறோம் என்று அன்று காலைதான் மக்களுக்கு அறிவிப்பு கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் மேடு உடைந்தது. 15 பேர் இறந்தார்கள், சுமார் 18,500 பேருக்கு வீடில்லை. அந்த ஊரைத் திரும்பக் கட்டவே இல்லை. எந்த பம்ப் அதைக் காப்பாற்றியிருக்கும்?

செங்கல்:
ரயில் மேட்டில் புல் வெட்டாததால்தான் வான்போர்ட் போனது என்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை.

மதகடி:
கரையைக் கரையாகப் பார்க்க ஆள் இல்லாததால் போனது என்கிறேன்.

செங்கல்:
ஆம் அல்லது இல்லை என்று கேட்டேன்.

கணக்கன்:
நான் எழுதிய 26 சதவீதத்தை ஒருவர்கூடப் படிக்கவில்லை. இருபது வருஷம் நீரியல் துறையில் இருந்தவன் சொல்கிறேன், இங்கே மட்டும்தான் இந்த மரியாதை.

மதகடி:
படித்தேன், கணக்கு சரி. ஆனால் 2003-ல் நெதர்லாந்தின் வில்னிஸில் கோடை வறட்சியில் கரை நகர்ந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது. அங்கே கரை கரி மண், அதாவது மட்கிய செடிகொடிகளால் ஆன மண்; அது காய்ந்து எடை குறைந்துவிட்டது. மழையே இல்லை. உங்கள் 26 சதவீதத்தில் அது எந்த இடத்தில் வருகிறது?

கணக்கன்:
அது வெள்ளக் கணக்கே இல்லை, கரையின் உறுதிக் கணக்கு. இரண்டையும் குழப்புபவரோடு பேசிப் பயனில்லை.

செங்கல்:
இவ்வளவு நேரம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறேன். என் வீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆறு அன்று ஏறவே இல்லை, கரையில் கீறல்கூட இல்லை. பம்ப் நிலையம் நின்றுவிட்டது. மறுநாள் போய்ப் பார்த்தேன். பம்புக்கு முன்னால் குப்பையைத் தடுக்கும் கம்பி வரிசை உண்டே, அது முழுக்கப் பாயைப் போலப் பின்னிக்கிடந்தது புல். முந்தின வாரம் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெட்டிப்போட்ட புல். மழை அதை அடித்துக்கொண்டு வந்து கம்பியில் அப்பிவிட்டது. அந்தப் பக்கம் பம்ப் தண்ணீர் கிடைக்காமல் நின்றது, இந்தப் பக்கம் என் வீடு மூழ்கியது. ஆளுயரக் கொத்து கொத்தாக வாரிப்போட்டார்கள், நானே நின்று பார்த்தேன். அதனால்தான் புல் வெட்டுவது என்றால் எனக்கு எரிகிறது.

மதகடி:
கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெட்டியது தப்பில்லை, வெட்டியதை அள்ளாததுதான் தப்பு. கம்பியை மழைக்கு முன்பு சுத்தம் செய்யாதது அதைவிடப் பெரிய தப்பு. நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் பலம்: பராமரிப்பு இல்லாவிட்டால் பம்பும் இல்லை.

செங்கல்:
என் வீட்டில் நின்ற தண்ணீரையும் உங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டீர்கள். வெட்டாமல் இருந்திருந்தால் அடைத்திருக்காது.

தவளைச்சத்தம்:
அங்கே வாய்க்கால் ஓரம் நிழலுக்கு மரம் இருந்திருந்தால் புல் அவ்வளவு வளர்ந்தே இருக்காது.

மதகடி:
மறுபடி மரமா? வெட்டாமல் இருந்திருந்தால் நீரெலி வளை தெரிந்திருக்காது, ஃபெர்ன்லியில் நடந்ததுதான் நடந்திருக்கும்.

செங்கல்:
ஃபெர்ன்லி வாய்க்கால்.

மதகடி:
வாய்க்காலுக்கும் கரை உண்டு என்று மேலேயே எழுதிவிட்டேன்.

செங்கல்:
வான்போர்ட் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆம் அல்லது இல்லை?