சைகோனில் நல்ல பான் மீ எங்கே கிடைக்கும்?

சைகோனில், அதாவது வியட்நாமின் ஹோ சி மின் நகரில், மூன்று நாள் தங்கல். நல்ல பான் மீ (வியட்நாமிய சாண்ட்விச்) கடை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். 1958ல் தொடங்கிய ஹோவா மா கடை தெரியும். அங்கே பேர்போனது சட்டியில் முட்டையும் இறைச்சியும், ரொட்டி தனியாக. தேடுவது கையில் பிடித்துச் சாப்பிடும் வகை.

ரொட்டிதான் முதல் சோதனை. மேலோடு மெல்லியதாக, அழுத்தினால் நொறுங்க வேண்டும். உள்ளே பஞ்சு, பாதி காற்று. காலையில் சுட்டது மாலைக்குள் ரப்பராகிவிடும், அந்த ஊர் ஈரக்காற்று அப்படி. அதனால் மறுபடி சூடாக்கித் தரும் கடையா என்று கட்டாயம் குறிப்பிடுங்கள்.

அடுத்தது ஊறுகாய்: காரட், வெள்ளை முள்ளங்கி, வினிகர், சர்க்கரை, உப்பு. பிழியாமல் அள்ளி வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே அடிப்பக்கம் நைந்துபோகும். பாத்தே எனும் இறைச்சி விழுதும், மஞ்சள்கருவோடு எண்ணெய் அடித்த மயோனைசும் ஓரம்வரை தடவியிருந்தால் ரொட்டி தாக்குப்பிடிக்கும். நடுவில் மட்டும் ஒரு கரண்டி வைக்கும் கடை வேண்டாம்.

கூட வருபவர் பன்றி தொடமாட்டார். பொரித்த முட்டை வைத்த ‘ஓப் லா’ கேட்கலாம்தான். ஆனால் பாத்தே பெரும்பாலும் பன்றி ஈரல். ‘கொங் பாத்தே’ (பாத்தே வேண்டாம்) என்று சொன்னால் கத்தியைத் துடைத்துவிட்டுத் தருவார்களா? இல்லை, ‘சாய்’ பலகை தொங்கும் சைவக் கடைக்கே போவது நல்லதா?