உதவி: 8 மீட்டரில் தவறிய டர்ன்பாயிண்ட், ஹேங் கிளைடிங் போட்டியில் இந்த முறையீட்டை எப்படித் தீர்ப்பது?

கேள்வி

வணக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சமவெளியில் நடந்துவரும் ஒரு ஹேங் கிளைடிங் (இயந்திரமில்லாத இறக்கையில் தொங்கியபடி பறக்கும் விளையாட்டு) போட்டியில் மதிப்பெண் கணக்கிடும் குழுவுக்கு உதவி வருகிறேன். நேற்றைய டாஸ்க்கில் (அன்றைய பந்தயப் பாதை) மேற்கே இருந்த ஒரு டர்ன்பாயிண்டுக்கு (தொட்டுத் திரும்ப வேண்டிய இடம்) 5 கிலோமீட்டர் ஆரமுள்ள சிலிண்டர், அதாவது அதைச் சுற்றிய வட்ட எல்லை, வைக்கப்பட்டிருந்தது. கிழக்கிலிருந்து நேராகப் பறந்து வந்த ஒரு பைலட், எல்லையைத் தொட்டுவிட்டதாகத் தம் கருவி ஒலி எழுப்பியதும் திரும்பி, இலக்கு வரை சென்று இறங்கினார். ஆனால் அவருடைய டிராக்லாக்கில் (கருவி பதிந்த பறந்த பாதை) மிக நெருங்கிய புள்ளியே எல்லைக்கு 8 மீட்டர் வெளியில் இருப்பதால், மென்பொருள் அந்த டர்ன்பாயிண்ட் வரையிலான தூரத்தை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறது. "எட்டு மீட்டர்தானே, கொடுத்துவிடுங்கள்" என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். இரண்டாம் இடத்தில் இருப்பவர் கடுமையாக எதிர்க்கிறார். எது நியாயம்?

பதில் 1

கருவி பழுதாகியிருக்க வேண்டிய அவசியமில்லை. சில கருவிகள் பூமியை 6371 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளமாகக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகின்றன. உங்கள் மென்பொருள், துருவங்களில் சற்றுத் தட்டையான பூமி மாதிரியான டபிள்யூஜிஎஸ்84 நீள்வட்ட வடிவத்தைப் பயன்படுத்துகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் இருக்கும் 33 டிகிரி தெற்கு அட்சரேகையில், கோளக் கணக்கு கிழக்கு மேற்குத் தூரத்தை ஏறக்குறைய 0.2 சதவீதம் குறைத்துக் காட்டும். 5 கிலோமீட்டருக்கு அது சுமார் 10 மீட்டர். அதாவது அவருடைய கருவி 10 மீட்டர் முன்கூட்டியே ஒலித்திருக்கும். உங்கள் 8 மீட்டருக்கு இதுவே போதுமான விளக்கம். வடக்கு தெற்காக வந்திருந்தால் பிழை எதிர்த்திசையில் விழுந்து, அவர் தேவைக்கு மேல் உள்ளே போயிருப்பார்.

இத்தகைய வேறுபாடுகளுக்காகத்தான் விதிகளில் சகிப்பளவு (எல்லைக்கு வெளியே எவ்வளவு தூரம் வரை ஏற்கலாம் என்ற அளவு) வைக்கிறார்கள். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, போட்டிக்கு முன் வெளியிட்ட உள்ளூர் விதிகளில் அந்த அளவு என்ன, மென்பொருளில் இட்டிருப்பதும் அதேதானா என்பதைத்தான். 0.5 சதவீதம் என்றால் 25 மீட்டர் வரை இடமுண்டு, அவர் உள்ளே. 0.1 சதவீதம் என்றால் 5 மீட்டர்தான், அவர் வெளியே.

கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டிலும் 0.1 சதவீதம் என்றே இருக்கிறது. அவருடைய மாற்றுக் கருவியின் பதிவையும் வாங்கிப் பார்த்தோம். அது 5 விநாடிக்கு ஒருமுறை பதிவது, அதிலும் உள்ளே ஒரு புள்ளியும் இல்லை. அவர் மீது எனக்கு உண்மையிலேயே இரக்கமாக இருக்கிறது.

பதில் 2

இரக்கம் இயல்பானது, மணிக்கு 80 கிலோமீட்டரில் பறப்பவருக்கு 8 மீட்டர் என்பது அரை விநாடிகூட இல்லை. ஆனாலும் இன்று அளவைத் தளர்த்தினால், அதே விதியை நம்பி எல்லைக்குள் நன்றாகச் சென்று திரும்பிய ஒவ்வொருவருக்கும் அநீதி இழைக்கிறீர்கள். மேலும் நீங்கள் ஜிஏபி என்ற மதிப்பெண் முறையில் கணக்கிடுகிறீர்கள் என்றால், இலக்கை அடைந்தவர்களின் விகிதம் மாறும்போது தூரத்துக்கும் நேரத்துக்குமான பங்கீடே மாறிவிடும். ஒருவருக்குக் கொடுப்பதாக நினைத்து எல்லாருடைய மதிப்பெண்ணையும் தொடுகிறீர்கள்.

இதில் மதிப்பெண் கணக்கிடுபவர் முடிவெடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐயின் நடைமுறையில் முதற்படி, பைலட் போட்டி இயக்குநரிடம் கொடுக்கும் முறையீடு. அதன் பதிலில் நிறைவு இல்லையென்றால், உரிய கட்டணத்துடன், குறித்த காலத்துக்குள், எழுத்துமூலம் எதிர்ப்பு மனு தரலாம்; மனு ஏற்கப்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். உலகச் சாம்பியன்ஷிப் போன்ற முதல் நிலைப் போட்டிகளில் மனுவை நடுவர் குழு விசாரிக்கும். உங்கள் போட்டியில் யார் விசாரிப்பது என்பதை உள்ளூர் விதிகளில் பாருங்கள். அதுவரை பட்டியலில் "தற்காலிகம்" என்றே இருக்கட்டும். இரண்டு டிராக்லாக்குகளையும் அந்தப் பைலட்டிடமும் எதிர்ப்பவரிடமும் சேர்த்தே காட்டுங்கள். தனித்தனியாகப் பேசினால் சந்தேகம்தான் வளரும்.

கேட்டவர்

இயக்குநர் முறையீட்டை ஏற்கவில்லை. காரணத்தை எழுத்தில் கொடுத்துவிட்டார். பைலட் மனு தரப்போகிறார். விசாரிக்கும் மூவரில் ஒருவர் அவருடைய மன்றத்தைச் சேர்ந்தவர் என்பதுதான் இப்போது நெருடுகிறது.

பதில் 2

அவர் நேர்மையானவராகவே இருந்தாலும் விலகிக்கொள்ள வேண்டும். அதை விசாரணைக்கு முன்பே இயக்குநர் கேட்டுக்கொள்வது நல்லது. மாற்றாக வருபவர் இரண்டாம் இடத்தில் உள்ளவரின் மன்றத்தையும் சேராதவராக இருக்க வேண்டும். நாளைக் காலை விளக்கக் கூட்டத்தில், எல்லாரும் தங்கள் கருவியின் தூரக் கணக்கீட்டை டபிள்யூஜிஎஸ்84 என மாற்றச் சொல்லுங்கள். மாற்ற வசதியில்லாத பழைய கருவி வைத்திருப்பவர்கள், 5 கிலோமீட்டர் சிலிண்டரில் ஒலி கேட்ட பிறகும் குறைந்தது 20 மீட்டர் உள்ளே சென்று திரும்பட்டும்.